பெட்டியா, எழுதி வாங்கிய ஃபைலா, நாமே கற்பதா: டியூராமேக்ஸ் டியூனிங் ஓர் ஒப்பீடு

டெக்சஸ் வெயிலில் டிரெய்லர் இழுக்கும் 2006 செவர்லே சில்வராடோ 2500எச்டி டிரக் என்னுடையது. 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் டீசல் என்ஜின் (அதில் எல்பிஇசட் என்ற வகை), ஆறு கியர் அலிசன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், கம்பெனி கணக்கில் 360 எச்பி. இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டுமென்றால் டியூனிங், அதாவது என்ஜின் கணினி டீசல் கொடுக்கும் விதத்தை மாற்றுவது. வழி மூன்று: சென்சார் ஒயரில் செருகும் பெட்டி, டியூனர் ஒருவர் அந்தக் கணினிக்கு எழுதி அனுப்பும் ஃபைல், அல்லது என்ஜின் கணினியைத் திறந்து நாமே கற்றுக்கொள்வது. நான் மூன்றாவதில் இருக்கிறேன். அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

பெட்டி மலிவு, மாட்டுவது சுலபம், விற்கும்போது கழற்றிவிடலாம். இதெல்லாம் தெரிந்ததுதான். எனக்கு ஒத்துவராதது அது வேலை செய்யும் விதம். மலிவுப் பெட்டிகள் பலவும் ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தம்) சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டுகின்றன. அழுத்தம் போதவில்லை என்று நம்பும் கணினி ரயில் பிரஷரை ஏற்றும். சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர் அதே நேரம் திறந்தாலும் டீசல் கூடுதலாகப் பாயும். எல்பிஇசட் ரயில் கம்பெனி நிலையிலேயே 26,000 பிஎஸ்ஐ வரை போவது. அதற்கு மேல் எவ்வளவு ஏறியது? ஸ்கேனரைக் கேட்டுப் பயனில்லை, அதுவும் அந்தப் பொய் எண்ணைத்தான் காட்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்: லாக் (ஓடும்போது கணினி தரும் எண்களின் பதிவு) உண்மை சொல்கிறதா? பெட்டி சொல்லும் பொய் என்ஜினோடு நிற்பதும் இல்லை. என்ஜின் கணினி அனுப்பும் டார்க் (சுழற்று விசை) கணக்கை நம்பித்தான் அலிசன் தன் கிளட்சுகளுக்கு அழுத்தம் கொடுக்கிறது. கணினிக்கே தெரியாத டார்க் வந்து விழுந்தால் கிளட்ச் வழுக்கும், வண்டி தன்னைக் காத்துக்கொள்ள பவரைக் குறைக்கும் லிம்ப் மோடுக்குப் போகும். கியர்பாக்ஸ் செலவு பெட்டி விலையோடு ஒப்பிடக்கூடியதே அல்ல.

நல்ல டியூனரின் ஃபைலில் இந்தச் சிக்கல் இல்லை. பல வண்டிகளைப் பார்த்தவர் எழுதுவது, புதிதாகக் கற்பவர் எழுதுவதைவிட நிச்சயம் மேல். டிரக்கை வேலைக்கு மட்டும் ஓட்டுபவர் இதையே எடுக்கலாம். ஆனால் ஃபைல் பெரும்பாலும் பூட்டி வரும். உள்ளே என்ன மாறியது என்று தெரியாது; இன்ஜெக்டரோ டர்போவோ மாற்றினால் மறுபடி அவரிடம்தான் போக வேண்டும்.

கற்பதற்கு நான் எடுத்தது நியூசிலாந்து நிறுவனமான ஈஎஃப்ஐலைவின் ஃபிளாஷ்ஸ்கேன், கணினியைப் படித்து எழுதும் கருவி. அதே வேலைக்கான எச்பி டியூனர்ஸையும் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அதில் பழக்கமில்லை. முதல் வேலை, கம்பெனி ஃபைலைப் படித்து இரண்டு இடத்தில் சேமிப்பது. ஃபிளாஷ் (கணினிக்குள் ஃபைலை எழுதுவது) பாதியில் நின்றால் தலைவலி, ஆகவே பேட்டரி சார்ஜரை மாட்டியபின்தான் எழுதுவேன். அதன்பின் எதையும் மாற்றாமல், டிரெய்லரோடும் இல்லாமலும் ஓட்டி லாக் எடுக்க வேண்டும். கணினி கேட்ட ரயில் பிரஷர், கிடைத்த ரயில் பிரஷர், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்), பல்ஸ் அகலம் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்), கியர்பாக்ஸ் எண்ணெய்ச் சூடு போதும். நல்ல நிலையில் உள்ள என்ஜின் எப்படி ஓடுகிறது என்று தெரியாதவருக்குக் கெட்டது தெரியாது.

பிறகு மாற்றுவது ஒரு தடவைக்கு ஒரு டேபிள்தான் (டேபிள் என்பது கணினி பார்த்து நடக்கும் எண் அட்டவணை). பல்ஸ் அகலத்தைக் கூட்டினால் பவர் வரும் என்று எல்லாரும் அங்கேதான் கைவைப்பார்கள். 3,000 ஆர்பிஎம்மில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஒரு மில்லிசெகண்டில் 18 டிகிரி சுற்றுகிறது. பல்ஸைக் கால் மில்லிசெகண்ட் நீட்டினால் டீசல் பாய்ந்து முடிவது நாலரை டிகிரி தள்ளிப்போகும். பிந்தி எரியும் டீசல் பிஸ்டனைத் தள்ளுவதைவிட எக்ஸாஸ்டைத்தான் அதிகம் சுடவைக்கும். சரிக்கட்ட டைமிங்கை (டீசல் பாயத் தொடங்கும் நேரத்தை) முன்னுக்கு இழுத்தால் சிலிண்டர் அழுத்தம் எகிறும். எல்பிஇசட் பிஸ்டன்களோ விரிசலுக்குப் பேர்போனவை. இந்த இழுபறி புரியும்வரை டைமிங் டேபிளைத் தொடாமலிருப்பது நல்லது. டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் சூட்டை அளக்கும் ஒரு பைரோமீட்டர் கட்டாயம், எல்பிஇசட்டில் அதற்குக் கம்பெனி சென்சார் கிடையாது. நீண்ட ஏற்றத்தில் 1,250 ஃபாரன்ஹீட்டை நெருங்கினால் நான் காலைத் தளர்த்திவிடுவேன்.

ஈஜிஆரை (மாசு குறைக்க எக்ஸாஸ்டில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடும் அமைப்பு) அணைப்பது போன்றவற்றை மென்பொருள் அனுமதிக்கும், அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் அனுமதிக்காது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நான் சொன்னதெல்லாம் எல்பிஇசட்டில் பழகியது. 2017இல் வந்த டியூராமேக்ஸ் வகையான எல்5பி-யில் கணினி பூட்டப்பட்டது, திறக்கவே தனிச் செலவு. அந்த வண்டி வைத்திருப்பவர் முதலில் அந்தச் செலவை விசாரித்துவிட்டு, டியூனர் ஃபைலா கற்பதா என்று யோசிக்கலாம்.