பரந்தன் பஸ்ஸில் வந்த துருவப் பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கடையில் வாங்குகிற சாமான் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிற சில ஆசிரியர்கள் சேர்ந்து செய்த பெட்டி. துருவங்களைப் பற்றி ஏழு பாடங்கள், அவற்றுக்கு வேண்டிய சாமான்கள், ஒரு கொப்பி, எல்லாம் மூடி சரியாகப் பூட்டாத ஒரு நீலப் பிளாஸ்டிக் பெட்டிக்குள். காசு கிடையாது. இரண்டு கிழமை வைத்திருந்துவிட்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் வந்து போன பிறகு வாட்ஸ்அப்பில் மூன்று பேர் "எப்படி இருந்தது, எடுக்கலாமா" என்று கேட்டு, மூன்று பேருக்கும் அரைகுறையாகப் பதில் போட்டு அலுத்துவிட்டது. அதனால் இங்கே ஒரேயடியாக.

பெட்டியைத் திறக்கும்போது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பென்குவின் படமும் இக்லூ படமும் இருக்கும், பிள்ளைகள் நிறம் தீட்டுவார்கள், முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்தப் படங்களும் இருந்தன. ஆனால் மேலே இருந்தது அந்தக் கொப்பி, எண்பது பக்கச் சாதாரணக் கொப்பி, ஈரம் பட்டு ஊதிப்போயிருந்தது. பெட்டியை எடுத்த ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பில் என்ன நடந்தது, எது பிழைத்தது, எதை மாற்றினேன் என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்தாறு கையெழுத்து. "ஐஸை வெள்ளிக்கிழமை எடுக்கப் போகாதீங்க, மீன் வாடியில் சனம்." "கறுப்புத் துணி வெளிறிவிட்டது, குடைத்துணி வெட்டிப் போட்டிருக்கிறேன்." பாட அட்டைகள் தொலைந்தாலும் பரவாயில்லை, அந்தக் கொப்பி தொலையக்கூடாது.

ஆசிரியர்கள் இப்படிக் கூடி துருவ விஞ்ஞானத்தை வகுப்புக்குக் கொண்டுவருவது உலகத்தில் புதிதில்லை. 2007-2008 சர்வதேசத் துருவ ஆண்டில் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கி, 2012இல் போலார் எஜுகேட்டர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பே உருவானது. அமெரிக்காவில் போலார்ட்ரெக் என்ற திட்டத்தில் ஆசிரியர்களை ஆய்வுக் குழுவோடு துருவத்துக்கே அனுப்பினார்கள். எங்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போக அரை நாள் லீவு எடுப்பதே பெரும்பாடு. சரி, அது வேறு கதை.

ஏழு பாடங்களில் நான்கு வெளிநாட்டுப் பாடங்களைத் தமிழாக்கியவை, மூன்று இங்கேயே எழுதியவை. எது எந்த வகை என்று அட்டையில் போடவில்லை, ஆனால் இரண்டு வரி படித்தாலே தெரிந்துவிடுகிறது.

முதல் பாடம் கடல்மட்டம். ஒரே அளவான இரண்டு டப்பா. ஒன்றில் களிமண்ணால் கரை கட்டி அதன்மேல் ஐஸை வைக்க வேண்டும், மற்றதில் ஐஸைத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும், இரண்டிலும் தண்ணீர் நிற்கிற இடத்தில் கோடு போட வேண்டும். முன்னது அந்தாட்டிக்காவிலும் கிரீன்லாந்திலும் தரைமேல் இருக்கிற ஐஸ், பின்னது கடலில் மிதக்கிற ஐஸ். "ஐஸ் உருக இரண்டு மணித்தியாலம் ஆகலாம், அதுவரை மாணவரை வேறு செயற்பாட்டில் ஈடுபடுத்துக" என்று அட்டை சொல்கிறது. அதற்குக் கொப்பியில் ஒருவர் சிவப்பு மையால் எழுதியிருப்பது: "இங்கே வகுப்புக்கு வந்து சேரும்போதே பாதி போய்விடும். உமிக்குள் புதைத்துக் கொண்டுவரவும்."

நானும் அப்படித்தான் செய்தேன். மீன் ஏற்றுகிற லொறியில் போகிற என் மச்சானிடம் சொல்லி, உமி போட்ட ரிஜிபோம் பெட்டியில் முல்லைத்தீவிலிருந்து அரை ஐஸ் பார் வந்தது. வகுப்பு முழுக்க மீன் வாடை. சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து, தராசில் ஒரே நிறையாக இரண்டு துண்டு எடுத்து வைத்தோம். எது முதலில் உருகும் என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் கரையில் இருப்பதுதான் என்றார்கள், வெயில் காற்று படுகிறதாம். மிதந்த துண்டு முதலில் போய்விட்டது. கரைத்துண்டு வியர்த்துக்கொண்டு அப்படியே இருந்தது. காற்றைவிடத் தண்ணீர் வேகமாக வெப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் என்று நான் வாய் திறப்பதற்குள், பின்வாங்கில் இருக்கிற ஒருவன் "அதுதான் ரீச்சர், மீனை ஐஸ் தண்ணியில போட்டால் கெதியாக் குளிருது" என்றான். அவன் அப்பா தொழிலுக்குப் போகிறவர். இது அட்டையில் எங்கேயும் இல்லை.

மிதந்த ஐஸ் உருகியும் கோடு அசையவில்லை. கரை ஐஸ் உருகியபோது தண்ணீர் ஒரு நக அளவு ஏறியது. அந்தாட்டிக்காவில் இருக்கிற ஐஸ் சராசரியாக 2 கிலோமீற்றர் தடிப்பு, அது முழுதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 58 மீற்றர் உயரும், கிரீன்லாந்து தனியே 7 மீற்றர். இந்த இலக்கங்களை அட்டை தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. இங்கேதான் எனக்குக் கோபம். நான் வாசித்து முடித்ததும் முன்வரிசைப் பிள்ளை ஒன்று மெல்லக் கேட்டது, "சுனாமி மாதிரி வருமோ ரீச்சர்?" 2004 இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பு, ஆனால் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படங்கள் இருக்கின்றனவே. கடல் இப்போது ஏறுவது வருடத்துக்கு மூன்று நான்கு மில்லிமீற்றர், அந்த 58 மீற்றர் நூற்றாண்டுகளுக்கும் அப்பாற்பட்ட கணக்கு, சுனாமி என்பது கடலடியில் நிலம் அதிர்ந்து வருகிற வேறு சங்கதி என்று மூன்று வரி அந்த அட்டையிலேயே இருந்திருக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் படிப்பிக்கப் போகிற பாடத்தை மொழிபெயர்த்தவர் யாரை மனதில் வைத்து மொழிபெயர்த்தார் என்று தெரியவில்லை. கொப்பியில் எழுதிவிட்டேன், கொஞ்சம் சூடாகத்தான்.

அடுத்த குறை, பனி. தமிழாக்கிய அட்டைகளில் எல்லாமே பனி: பனிப்பாறை, பனிப்படலம், பனியாறு, கடற்பனி, உறைபனி. எங்கள் பிள்ளைகளுக்குப் பனி என்றால் மார்கழி தை மாதம் விடியப்புறம் வயல்மேல் நிற்பது, தலையில் பட்டால் தடிமன் வரும் என்று அம்மா துவாய் கட்டிவிடுவது. "பனி உருகிக் கடலில் கலக்கிறது" என்று வாசித்தால் அவர்கள் கண்ணில் வருவது அந்தப் பனிதான். நான் பாடம் முழுக்க ஐஸ் என்றே சொன்னேன், கடைசியில் மட்டும் பரீட்சைக்கு இந்தச் சொல்லைப் போடுங்கள் என்று கலைச்சொற்களைப் பலகையில் எழுதினேன். தூய தமிழ் ஆட்கள் கோபிக்கலாம். போதாததற்கு சில அட்டைகளில் எழுத்துரு உடைந்து கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

உப்புப் பாடம் நன்றாகவே போனது. கடல்நீர் பூச்சியத்தில் உறையாது, ஏறத்தாழ மறை (மைனஸ்) 1.8 பாகை செல்சியஸில்தான் உறையும் என்பதைக் காட்ட, நொறுக்கிய ஐஸில் உப்பைப் போட்டு வெப்பமானி வைப்பது. ஆனையிறவு உப்பு கல் கல்லாக இருந்ததால் முதலில் ஒன்றும் நடக்கவில்லை, அம்மியில் இடித்துப் போட்ட பிறகு கிடுகிடுவென்று மறை 9 வரை இறங்கியது. கோப்பைக்கு வெளியே வெள்ளையாகப் படிந்ததை எல்லோரும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள்.

வெள்ளையும் கறுப்பும் வெப்பத்தை எப்படி வாங்குகின்றன என்ற பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. புதுப் பனி தன்மேல் விழுகிற வெயிலில் 80 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும், திறந்த கடல் 90 வீதத்துக்கு மேல் உள்வாங்கும், அதனால் ஆர்க்டிக்கில் கடல் ஐஸ் குறையக் குறைய வெப்பம் இன்னும் கூடும். இரண்டு பால்மாத் தகரத்தில் துணி சுற்றி வெயிலில் வைத்து முடித்துவிடலாம். தறப்பாள் கொட்டிலுக்குள் ஒரு சித்திரை மாதம் இருந்த எங்கள் வயதுக்காரருக்கு வெப்பமானிகூடத் தேவையில்லை.

இனி, எனக்கு மிகவும் பிடித்தது. ஐஸைத் துளையிட்டு எடுக்கிற உருளைகளைப் பற்றிய பாடம். அந்தாட்டிக்காவில் வருடா வருடம் விழுகிற பனி அமுங்கி ஐஸாகும்போது அந்தந்தக் காலத்துக் காற்றும் குமிழிகளாக உள்ளே மாட்டிக்கொள்கிறது, அதை எடுத்து 8,00,000 வருடக் காற்றை அளந்திருக்கிறார்கள். இதற்கு பிவிசி குழாயில் சாயத் தண்ணீரை ஒவ்வொரு அடுக்காக உறைய வைக்கச் சொல்கிறது அட்டை. பள்ளிக்கூடத்தில் ஃப்ரீசர் இல்லை, சந்திக் கடை அண்ணா ஐஸ்கிரீம் பெட்டியில் ஒரு மூலை தந்தார், இரண்டாம் நாள் கரண்ட் போய் எல்லா நிறமும் ஒன்றாகக் கலந்து கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கட்டி வந்தது. போச்சு என்று நினைத்தேன். அப்போது ஒரு பிள்ளை முதல் பாடத்தில் மிஞ்சி உமிக்குள் கிடந்த மீன் ஐஸ் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் ஒரு மீன் செதில், சின்ன நகம் மாதிரி மினுங்கிக்கொண்டு. பக்கத்தில் நூல் நூலாகக் காற்றுக் குமிழிகள். "ரீச்சர், இதைப் பார்த்து முந்தி என்ன மீன் இருந்தது எண்டு சொல்லலாமா?" பிறகு பாதி வகுப்பு அது சூடையா சாளையா என்று சண்டை. நான் பேசாமல் நின்றேன், பாடம் தானாக நடந்தது. கொப்பியில் எழுதியிருக்கிறேன்: சாயத் தண்ணீரை விடுங்கள், மீன் ஐஸைப் பாருங்கள்.

பறவைப் பாடம் மன்னார்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சேர்த்தது, அருமை. வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் சேற்றில் ஓடித் திரிகிற சின்ன உள்ளான்கள் சைபீரியாவின் ஆர்க்டிக் கரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுத்தான் இங்கே வருகின்றன. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கட்டிவிட்ட கடற்காகம் ரஷ்யாவின் வடக்கே யமால் தீபகற்பம் வரை போனது. துருவம் எங்கேயோ இருக்கிறது என்ற எண்ணத்தைப் பென்குவின் படம் மாற்றாது, நேற்று மாடு சாய்க்கப் போகும்போது பார்த்த குருவி மாற்றும். உலகப்படத்தில் இந்த அட்டை செய்யச் சொல்கிற இன்னொரு வேலையும் நல்லது: கிளிநொச்சியில் அடிமட்டத்தை வைத்து நேர் தெற்கே கோடு இழுப்பது. தேவேந்திர முனையைத் தாண்டினால் அந்தாட்டிக்கா வரை ஒரு தீவுகூட இல்லை. அங்கே போய் முட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே, 2012இல் தொடங்கிய இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம்.

கடைசிப் பாடம் அந்தாட்டிக் ஒப்பந்தம், அந்தாட்டிக்காவைச் சமாதான வேலைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. 1959 டிசம்பர் 1, பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்டன. சலிப்பாக இருக்கும் என்று பத்து நிமிடம்தான் ஒதுக்கினேன்.

"அங்க ஆமிக் காம்ப் இல்லையோ ரீச்சர்?"

இல்லை, இராணுவத் தளம் அமைக்கக்கூடாது என்று முதலாம் உறுப்புரையிலேயே இருக்கிறது, ஆய்வுக்குச் சாமான் ஏற்றி இறக்க உதவிக்கு வரலாம் என்றேன்.

"அப்ப காணி ஆற்ற பேரில?"

ஏழு நாடுகள் உரிமை கோரியிருக்கின்றன, ஒப்பந்தம் அதை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது, புதிதாக ஒருவரும் கோர முடியாது என்றேன். பத்து நிமிடம் இரண்டு பாடவேளை ஆனது. டிசம்பர் 1 ஐ அந்தாட்டிக்கா நாளாகக் கொண்டாடிக் கொடி வரையலாம் என்கிறது அட்டை. எங்களுக்கு அது மாரி மழை நடுவில், குளம் வான் பாய்கிற காலம், பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். நாங்கள் அன்றைக்கே வரைந்தோம். ஒருத்தி வெள்ளைத் தாளை அப்படியே கொடுத்தாள், இதுதான் கொடி என்று.

வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரோடு வீடியோவில் பேசலாம் என்றும் பெட்டியில் ஒரு தாள் இருக்கிறது. பேசினோம். டேட்டா போதாமல் அவர் முகம் ஒரே இடத்தில் வாய் திறந்தபடி நின்றுவிட்டது, பிள்ளைகள் அதைப் பார்த்து முழுப் பாடவேளையும் சிரித்தார்கள். செய்யாவிட்டால் நட்டமில்லை.

அதிபர் கேட்பார், "இது சிலபஸில் இருக்கா?" வெப்பம், அடர்த்தி, மிதப்பு எல்லாம் இருக்கிறது, தைரியமாகச் சொல்லுங்கள். ஐஸ், உப்பு, பஸ் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 900 ரூபாய்க்குள் முடிந்தது. தரம் 10, 11க்குச் சரி, சின்ன வகுப்புக்கு முதல் பாடமும் பறவையும் போதும். 5க்கு 4 கொடுப்பேன், சுனாமி வரியைச் சேர்த்தால் முழுதும்.

பெட்டி இப்போது மாங்குளம் பக்கம் போயிருக்கிறது, அடுத்து மல்லாவி கேட்டிருக்கிறார்கள், அதற்குப் பிறகு இடம் இருக்கிறது. மூன்று வெப்பமானியில் ஒன்று இல்லை என்று தேடாதீர்கள். அது எங்கள் வகுப்பில்தான் உடைந்தது, உப்பு ஐஸில் எவ்வளவு இறங்கும் என்று பார்க்கப் போய் நானே கைதவறவிட்டேன். புதிது வாங்கி வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் தெரிந்த கொண்டக்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.