முரட்டுக் குதிரைக்குக் கயிற்று ஹால்டர்: வாங்கலாமா?

வாங்கலாம். (ஹால்டர் என்பது குதிரையைப் பிடித்து நடத்த அதன் தலையில் மாட்டுவது; கடிவாளம் போல வாய்க்குள் எதுவும் போகாது.) ஆனால் குதிரை ஓர் அடி விட்டுக்கொடுத்ததும் கயிற்றை உடனே தளர்த்தப் பழகிக்கொள்ளத் தயாராக இருந்தால் மட்டும். பிடித்த பிடியை விடாமல் இழுக்கும் பழக்கம் உள்ளவர்கள் பழையபடி அகலமான பட்டை ஹால்டரே வைத்துக்கொள்ளட்டும். குதிரைக்கு அதுதான் நல்லது.

நான் வாங்கியது கான்பூரில் செய்தது. சேணம், கடிவாளம் என்று குதிரைச் சாமான் எல்லாவற்றுக்கும் பேர்போன ஊர் அது. பொதியில் பட்டறையின் பெயர்கூட இல்லை. ஹால்டர், 12 அடி லீட் ரோப் (குதிரையைப் பிடித்து நடத்தும் கயிறு) இரண்டும் சேர்த்து கூரியர் செலவோடு 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. ஹால்டரில் தையலோ பக்கிளோ கிடையாது. ஒரே கயிற்றை முடிச்சுப் போட்டே உருவாக்கியிருக்கிறார்கள்: மூக்கின் மேல் இரண்டு முடிச்சு, தாடைக்கு அடியில் ஒரு பெரிய முடிச்சு, அங்கே லீட் ரோப் மாட்ட ஒரு வளையம். கயிறு 8 மி.மீ. பாலியெஸ்டர். இதே கடைகளில் 6 மி.மீ. கயிற்றிலும், மூக்கின் மேல் நான்கு முடிச்சு வைத்தும் விற்கிறார்கள். கயிறு மெலிய மெலிய முகத்தில் அழுத்தம் கூடும். குதிரையோடு முதன்முதலாகத் தரையில் நின்று வேலை செய்யப்போகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எங்கள் குதிரை பாரி கிண்டியில் பந்தயம் ஓடியவன். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. 'அடங்காதவன்' என்ற பெயரோடுதான் எங்களிடம் வந்தான். லாயத்திலிருந்து வெளியே வந்தால் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடப்பான். அங்கவடியில் கால் வைத்ததும் கிளம்பிவிடுவான். கடிவாளத்தை இழுத்தால் இன்னும் வேகமாகப் போவான். இதில் எதுவும் கெட்ட குணம் இல்லை. பந்தயக் குதிரைக்கு, வாயில் இறுக்கம் தெரிந்தால் அதன்மேல் சாய்ந்துகொண்டு ஓடு என்றுதான் பாடம். ஜாக்கியையும் பெரும்பாலும் குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே காலைத் தூக்கி மேலே ஏற்றிவிடுவார்கள். அசையாமல் நில் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்கிற ஒரு ஜீவனை அடங்காதவன் என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

ஹால்டருக்குப் பணம் செலவு செய்வதற்கு முன் கால்நடை மருத்துவருக்குச் செலவு செய்யுங்கள். பல், முதுகு, சேணம் பொருந்துகிறதா என்பது, வயிற்றுப்புண் இவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். பந்தயப் பயிற்சியில் இருக்கும் குதிரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இரைப்பையில் புண் இருக்கும். வலியில் துள்ளுகிற குதிரைக்கு எந்த ஹால்டர் போட்டும் பயனில்லை. பாரிக்குக் கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. அதை ராவி எடுத்த பிறகுதான் பயிற்சியே தொடங்கினோம்.

சரி, இந்த ஹால்டர் அப்படி என்ன செய்கிறது? பட்டை ஹால்டரில் அழுத்தம் அகலமாகப் பரவுவதால் குதிரை அதில் சாய்ந்துகொண்டு நம்மை இழுத்துப் போகலாம். கயிற்றில் சாய முடியாது. ஆனால் தளர்த்திய அடுத்த கணம் முகத்தில் ஒன்றுமே இல்லாதது போல் ஆகிவிடும். அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பது குதிரைக்குத் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவின் மேற்கத்திய மாட்டுப்பண்ணைகளில் இருந்து வந்த டாம் டோரன்ஸ் (1910–2003), அவரிடம் கற்ற ரே ஹன்ட் (1929–2009) இருவரும் ஊர் ஊராகப் பரப்பிய குதிரைப் பயிற்சி முறைக்கு இதுதான் அடிப்படை: குதிரை கற்றுக்கொள்வது அழுத்தம் விலகும் நேரத்தில்.

பின்னால் நகரச் சொல்லிக்கொடுத்ததை விவரமாகச் சொல்கிறேன். பாரிக்கு முன்னால், கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி நின்றேன். குதிரைக்குக் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்வை உண்டு என்றாலும் நெற்றிக்கு நேர் எதிரேயும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. லீட் ரோப்பை இரண்டு விரலால் லேசாக ஆட்டினேன். தலையைத் தூக்கினான், காதைப் பின்னால் மடக்கினான், கால் அசையவில்லை. ஆட்டத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அப்போது குளம்பு நகர்வதற்கு முன்பே அவன் நெஞ்சின் பாரம் மெல்லப் பின்னால் சாய்ந்தது. அங்கேயே கையைத் தாழ்த்திக் கயிற்றை முழுசாக விட்டேன். அவன் அப்படியே நின்று, கண் இமைத்து, நீளமாக மூச்சு விட்டு, உதட்டை நக்கினான். நக்கினால் பணிந்துவிட்டான் என்று பலர் சொல்வார்கள். பதற்றத்தில் உலர்ந்த வாயில் மறுபடி எச்சில் ஊறுவதால் அப்படிச் செய்கிறது என்கிற விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. கிண்டியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த எங்கள் சைஸ் (குதிரை பராமரிப்பவர்) அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "கயித்த விட்டதுக்கு அப்புறம்தான் மேடம் அது யோசிக்குது" என்றார். இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஏறும்போது கிளம்பிவிடும் பழக்கத்தை மாற்ற லீட் ரோப்பின் 12 அடி நீளம் ரொம்ப உதவியது. ஏறுமேடை அருகில் நிற்கவில்லையா, பரவாயில்லை, நட. அடித்து நிறுத்தவில்லை, அதட்டவில்லை. சின்ன வட்டமாக நடக்கவிட்டு, மேடைப் பக்கம் வந்ததும் கயிற்றைத் தளர்த்தி ஓய்வு கொடுத்தோம். மேடையில் நின்று கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் சொறிந்துவிட்டு ஏறாமலே இறங்கிவிடுவேன். குதிரைகள் ஒன்றையொன்று சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச காலத்தில் மேடையைப் பார்த்தால் அவனாகவே போய் நிற்க ஆரம்பித்தான்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்ததும் குறைவில்லை. ஒருமுறை கீழே விழுந்ததற்குப் பிறகு, சேணத்தில் உட்கார்ந்தாலே என் தொடை இறுகிவிடும், மூச்சு மேலேயே நின்றுவிடும். 'தைரியமா ஏறுங்க' என்பவர்கள் நிறைய, எப்படி என்று சொல்பவர்கள் குறைவு. 2009-இல் சுவீடனில் ஒரு சோதனை வெளியானது. குதிரைமேல் போகிறவரிடமும் பிடித்து நடத்துகிறவரிடமும், அடுத்த சுற்றில் குடை ஒன்று திடீரென விரியும் என்று சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனால் அந்தச் சுற்றில் மனிதருக்கும் துடிப்பு ஏறியது, குதிரைக்கும் ஏறியது. ஆகவே பயத்தை மறைத்துக்கொண்டு ஏறுவதில் பொருளில்லை, குதிரைக்குத் தெரிந்துவிடும். தரையில் நின்று அவனைப் பின்னால் நகர்த்தவும், நிறுத்தவும், பின்னங்காலைப் பக்கவாட்டில் தாண்டி வைக்கச் செய்யவும் என்னால் முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் என் மூச்சு இறங்கியது. பின்னங்காலைத் தாண்டி வைக்கும்போது முன்னால் உந்தும் பலம் குதிரைக்குக் குறைந்துவிடும். அதையே சேணத்தில் இருந்து ஒரு பக்கக் கடிவாளத்தால் செய்தால் அவசரத்தில் நிறுத்துகிற வழி ஆகிவிடுகிறது. நின்ற இடத்தில், பிறகு நடையில், பிறகுதான் ஓட்டத்தில் என்று பழக வேண்டும். பாய்ச்சலில் திடீரென இழுத்தால் குதிரை நிலை தடுமாறி விழக்கூடும்.

இனி குறைகள். வந்த புதிதில் கயிறு விறைப்பாக இருந்தது, துவைத்துத் துவைத்துத்தான் இளகியது. லீட் ரோப்பின் இரும்புக் கொக்கி கடற்காற்றுக்குச் சீக்கிரமே துருப்பிடித்தது. அதோடு, கயிறு ஆடும்போது தாடையில் இடிக்கவும் செய்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு வளையத்தில் கயிற்றையே நேராகக் கோத்துவிட்டேன். ஆனால் பெரிய குறை, எப்படிக் கட்டுவது என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாததுதான். தவறாகக் கட்டினால் துன்புறுத்துகிற பொருளை இப்படி விற்கக் கூடாது. மூக்குக் கயிறு கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே, கெட்டி எலும்பின்மேல் இருக்க வேண்டும். கீழே இறங்கினால் மெல்லிய எலும்பு முனை, அதற்கும் கீழே குருத்தெலும்பு. இடப்பக்க வளையத்துக்குள் நுனியை விட்டு, வளையத்துக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போடுங்கள். மேலே போட்டால் இறுகிப்போய் அவிழாது. நுனி கண்ணுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்காமல் கழுத்துப் பக்கம் போகட்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மூக்கை இறுக்கும் வகை ஹால்டர் ஒன்றை வைத்து பிரிட்டனில் செய்து 2018-இல் வெளியான ஆய்வில், அதைப் போட்ட குதிரைகள் சாதாரண ஹால்டர் போட்டபோது நடந்துகொண்டதைவிட மேலாக நடந்துகொள்ளவில்லை. முகத்தில் அசௌகரியத்தின் அறிகுறிகள்தான் கூடின. அது வேறு வடிவம் என்றாலும், மாட்டிய உடனே குதிரை திருந்தும் என்று விற்பவர் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பாரி மாறியதில் கயிற்றின் பங்கு கொஞ்சம், தினமும் பொறுமையாக நின்ற சைஸ் அண்ணனின் பங்குதான் அதிகம்.

அளவில் மட்டும் கவனம். பாரி போன்ற தரோபிரெட் (பந்தய இனம்) குதிரைக்கு 'ஃபுல்' அளவு சரியாக இருக்கும். ஊட்டிப் பக்கத்து மட்டக்குதிரைக்கு 'போனி' அளவு கேளுங்கள். இந்த ஹால்டரோடு குதிரையைக் கம்பத்தில் கட்டிப்போடக் கூடாது. மேய விடும்போதும் லாயத்தில் விடும்போதும் கழற்றிவிட வேண்டும். எங்காவது மாட்டிக்கொண்டு குதிரை இழுத்தால் தோல் பட்டை அறுந்துவிடும், இந்தக் கயிறு அறாது.