நியோநாட்டலி: பீரோவுக்குள் பூட்டி வைக்கக்கூடாத பொம்மை

பிரசவ அறை நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பிறந்தவுடன் அழாத குழந்தையை மூச்சுவிட வைக்கக் கற்றுத்தர நான் முதலில் கையில் எடுப்பது நியோநாட்டலி பொம்மையைத்தான். நார்வேயில் இருக்கும் லேர்டால் நிறுவனத்தின் தயாரிப்பு.

காற்றும் அடைக்கலாம், தண்ணீரும் நிரப்பலாம். தண்ணீரே நிரப்புங்கள், அதுவும் வெதுவெதுப்பாக. சுமார் 2 கிலோ எடை வந்துவிடும். தூக்கினால் கழுத்து நிற்காது, கைகால் துவண்டு தொங்கும். நிஜமாகவே அப்படி ஒரு பிள்ளையைக் கையில் வாங்கியவர்களுக்கு அந்தத் துவளல் உடனே பிடிபடும்.

குழாயோடு இணைந்த சின்ன ரப்பர் குமிழ்கள் பயிற்சி தருபவரின் கையில் இருக்கும். ஒன்றை அமுக்கினால் தொப்புள்கொடி துடிக்கும், இன்னொன்றை அமுக்கினால் நெஞ்சு ஏறி இறங்கும். கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது கழுத்துதான். தலையைச் சரியான நிலையில் வைக்காவிட்டாலோ, மாஸ்க் முகத்தில் ஒட்டி உட்காராவிட்டாலோ அம்பு பேக்கை (மாஸ்க் வழியாகக் காற்றுக் கொடுக்கக் கையால் அமுக்கும் பை) எவ்வளவு அழுத்தினாலும் காற்று உள்ளே போகாது. "மேடம், நெஞ்சு ஏறலையே" என்று பதறுவார்கள். நான் பதில் சொல்வதில்லை. அவர்களே தலையைச் சற்று நிமிர்த்தி, மாஸ்கைத் திருப்பி வைத்து, நெஞ்சு ஏறுவதைப் பார்க்கட்டும். அதை எந்தப் படம் போட்டு விளக்கினாலும் வராது.

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேருக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது உதவி வேண்டியிருக்கும். பெரும்பாலும் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே அழுதுவிடும். அப்படியும் அழாத பிள்ளைக்கு முதல் நிமிடத்துக்குள் பேக் மாஸ்க்கால் காற்றுக் கொடுக்க ஆரம்பித்தாக வேண்டும். 2010இல் வந்த, குழந்தையை மூச்சுவிட வைக்கக் கற்றுத்தரும் 'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்' பயிற்சிக்கு அடிப்படையே இந்த ஒரு நிமிடம்தான். தான்சானியாவின் 8 மருத்துவமனைகளில் இந்தப் பயிற்சியைக் கொடுத்தபோது, பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் இறப்பு 1000-க்கு 13.4-இலிருந்து 7.1 ஆகக் குறைந்தது. 2013இல் வெளியான ஆய்வு அது.

ஆனால் அதே நாட்டின் ஹைடம் மருத்துவமனையில் நடந்த இன்னோர் ஆய்வை எல்லா நர்சிங் சூப்பரின்டென்டென்டுகளும் படிக்க வேண்டும். ஒரே ஒரு நாள் வகுப்பு எடுத்தார்கள். பல மாதம் கழித்தும் பொம்மையிடம் எல்லோரும் நன்றாகச் செய்து காட்டினார்கள், ஆனால் நிஜக் குழந்தைகளுக்குச் செய்வதில் மாற்றமே இல்லை. அப்புறம் அவர்கள் செய்தது எளிமையான காரியம். பொம்மையை வேலை செய்யும் இடத்திலேயே வைத்து, வாரந்தோறும் மூன்று முதல் ஐந்து நிமிடம் பழகச் சொன்னார்கள். 24 மணி நேர இறப்பு 1000-க்கு 11.1-இலிருந்து 7.2-க்கு இறங்கியது.

நான் பார்த்த பல இடங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. வகுப்பு முடிந்ததும் பொம்மையைத் துடைத்து, ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். சாவி யாராவது ஒருவரிடம் இருக்கும், அவர் நைட் டூட்டியில் இருக்கமாட்டார். தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது. இரவு இரண்டு மணிக்குத் தனியாக ஒரு பிள்ளையை வாங்கப்போகிற சின்னப் பெண்ணுக்குத்தான் இந்தப் பொம்மை வேண்டும்.

சரி, இதில் செய்ய முடியாததையும் சொல்லிவிடுகிறேன். மூச்சுக்குழலில் டியூப் போடும் பயிற்சிக்கு இது ஆகாது. எவ்வளவு காற்றுப் போனது, எவ்வளவு அழுத்தம் என்று அளந்தும் காட்டாது. அதற்குச் சென்சார் வைத்த 'நியோநாட்டலி லைவ்' தனியாக இருக்கிறது. பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு சாதாரண மாடலே போதும் என்பது என் கருத்து. வாங்கினால், வார்மர் (பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் மேசை) பக்கத்திலேயே ஒரு டிரேயில், அம்பு பேக்கும் 0, 1 சைஸ் மாஸ்குகளும் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு ஷிப்டும் கைமாறும்போது ஒருவராவது செய்து பார்க்கட்டும்.