சங்கிலியா, மண்டலமா, இன்றைக்கு மட்டுமா?

புதிய பழக்கம் ஒன்றைக் கைக்கொள்ள நம்மிடையே மூன்று வழிகள் புழங்குகின்றன. ஒரு நாளும் விடாமல் கணக்கை வளர்ப்பது ஒன்று. 41 நாள், 48 நாள் என்று கெடு வைத்து விரதம் போல் இருப்பது இன்னொன்று. நேற்றைப் பற்றிக் கவலைப்படாமல் தினமும் புதிதாகத் தொடங்குவது மூன்றாவது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாட்களில் எந்த வழியும் குறைந்ததில்லை. காய்ச்சலோ கல்யாணமோ குறுக்கிட்டு நடைப்பயிற்சி விட்டுப்போன மறுநாள் காலை, எது ஆளை எழுப்பித் தெருவுக்கு அனுப்புகிறது? அதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

சங்கிலி முறைக்குத் தொடக்க வேகம் அதிகம். மாதக் காலண்டரில் கட்டத்துக்குக் கட்டம் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு வந்தால், இரண்டு வரி நிறைந்ததும் அடுத்த கட்டத்தைக் காலியாக விட மனம் வராது. ஆனால் ஒரு கட்டம் காலியாகிவிட்டால், ‘சரி, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி பார்த்துக்கொள்ளலாம்’ என்று கைகழுவிவிடுகிறோம். குடியை விட்டவர்கள் மீண்டும் குடிக்குத் திரும்புவதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒரு சறுக்கலைவிட, சறுக்கியவர் ‘நான் தேறமாட்டேன்’ என்று தன்னைப் பற்றி முடிவுகட்டிக்கொள்வதே பெரிய ஆபத்து. மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோ செயலி, ஒரு நாள் பாடம் படிக்காவிட்டாலும் கணக்கு அறுபடாமல் காக்கும் வசதி ஒன்றைத் தருகிறது. சங்கிலியை நம்பித் தொழில் நடத்துகிறவர்களுக்கே, அது அறுந்தால் ஆள் கைகழுவிவிடுவார் என்ற பயம் இருக்கிறது.

மண்டல முறையின் பலம் ஊரில் இருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டவரை டீக்கடைக்காரர் முதல் முதலாளி வரை ‘சாமி’ என்று அழைக்கிறார்கள். அப்படி அழைக்கப்பட்டவர் அதே கடை வாசலில் நின்று சிகரெட் பற்றவைக்க முடியுமா? தன் மன உறுதி தளர்ந்தாலும் சுற்றியிருப்பவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். அந்த 41 நாளுக்கு இதை மிஞ்சிய ஏற்பாடு கிடையாது. தடுமாற்றம் மாலையைக் கழற்றிய பிறகுதான். இறங்கிவரும் வழியிலேயே பழைய பழக்கத்துக்குத் திரும்புகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். விரதத்தின் நோக்கம் தரிசனம். அதன்மேல் வாழ்நாள் பழக்கத்தை ஏற்றுவது நம் பேராசை.

‘21 நாளில் பழக்கம்’ என்ற பிரபலக் கெடுவுக்கு அந்தப் புனிதமும் இல்லை. முகத்தை மாற்றிக்கொண்ட நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதினார். காலப்போக்கில் ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 84 நாள் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை மாறியது. 84-ஐத் தாண்டியவை கணித்துச் சொன்னவை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: இடையில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் படிவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.

அதனால்தான் என் ஓட்டு மூன்றாவதற்கு. 1935-இல் ஒஹையோ மாநிலம் ஏக்ரனில் பிறந்த, குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம், வாழ்நாள் முழுக்கக் குடிக்காதே என்று கேட்பதில்லை. அடுத்த 24 மணி நேரம் குடிக்காமல் இரு என்கிறது. வேடிக்கை என்னவென்றால், குடிக்காத நாட்களைக் கணக்கிட்டு நாணயம் தரும் வழக்கமும் அங்கே உண்டு. ஆனால் மீண்டும் குடித்துவிட்டு வந்தவருக்கும் கூட்டத்தில் நாற்காலி உண்டு.

இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது. ‘நாளைக்குத் தொடங்கினால் போயிற்று’ என்ற சோம்பலுக்கு இதைவிட வசதியான கொள்கை வேறில்லை. அடைக்க வேண்டுமானால் அளவைச் சிறிதாக்க வேண்டும், நேரத்தை வேறொரு வேலையோடு முடிச்சுப்போட வேண்டும். ‘தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன்’ என்பதைவிட, ‘பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்த கையோடு செருப்பை மாட்டித் தெருமுனை வரை போய்வருவேன்’ என்பது நிற்கும். லாலி குழுவினர் கவனித்ததும் இப்படி மதிய உணவு, காலைக் காபி போன்ற ஒன்றோடு இணைத்த செயல்களைத்தான்.

சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை போடுகிறவர்களுக்கு மட்டும் இந்தத் தாராளம் ஆகாது. அங்கே விட்டுப்போன வேளை உடம்பில் தெரியும். ஏழு நாளுக்கும் தனித்தனி அறை வைத்த மாத்திரை டப்பாவும், கறாரான கணக்கும்தான் அவர்களுக்குச் சரி.