இளம் பெண் டாரன்டுலா என்று தலையில் கட்டப்படும் வயதான ஆண்

வாட்ஸ்அப்பில் செல்லப்பிராணி விற்கும் ஒருவரிடம், முதல்முறை வளர்க்கும் ஒருவர் 'கர்லி ஹேர்' டாரன்டுலா (முடி அடர்ந்த பெரிய சிலந்தி வகை) வாங்கினார். இளம் பெண், சாது, 15 வருஷத்துக்கு மேல் இருக்கும் என்று சொல்லி விற்றார்கள். சில மாதத்தில் அது செத்துவிட்டது. கேட்டதற்கு வந்த பதில்: "நீங்க சரியா பாத்துக்கல." படங்களைப் பார்த்தாலே விஷயம் தெரிகிறது. வந்தது முழு வளர்ச்சியடைந்த ஆண். கடைசித் தோலுரிப்பு முடிந்த ஆணுக்கு மீதி ஆயுள் பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. இனப்பெருக்கம் செய்பவர்களுக்குத் தேவை முடிந்த ஆண்கள்தான் இப்படிப் புதியவர்களிடம் தள்ளிவிடப்படுகின்றன.

பணம் கொடுப்பதற்கு முன் முன்னங்கால்களை அடியிலிருந்து படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த வகையில் வளர்ந்த ஆணுக்கு முதல் ஜோடிக் காலின் உள்பக்கம் சிறு கொக்கி இருக்கும். வாயருகே உள்ள இரண்டு குட்டைக் கால்களின் முனை, குத்துச்சண்டைக் கையுறை மாட்டியதுபோல் உருண்டிருக்கும். கால் நீளம், வயிறு சிறிது, இரவெல்லாம் சுவரைச் சுற்றும். விற்பவர் இதற்கு வைக்கும் பெயர் 'நல்லா ஆக்டிவ்'. அது பெண் தேடி அலைகிறது, அவ்வளவுதான்.

வளராத சிலந்தியில் இந்த அடையாளம் எதுவும் இராது. அங்கே 'பெண்' என்று உறுதியாகச் சொல்ல, உரித்த தோல் வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, தோலை ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை மெல்ல விரித்து, மேல் ஜோடி நுரையீரல் தடங்களுக்கு நடுவே லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெண்ணென்றால் அங்கே சிறு பை அல்லது மடிப்பு தெரியும். தோல் இல்லை, சைஸ் பார்த்தே சொல்வேன் என்பவருக்குப் பெண்ணுக்கான விலை கொடுக்காதீர்கள். சைஸிலும் சூது உண்டு. முன்கால் நுனியிலிருந்து எதிர்ப்பக்கப் பின்கால் நுனிவரை குறுக்காக அளப்பதுதான் முறை; அதுதான் கால்விரிப்பு.

கூடவே 'ஃபுல் செட்' என்று விற்றது இன்னும் மோசம். உயரமான கண்ணாடித் தொட்டி, கம்பி வலை மூடி, சிவப்பு பல்பு, தண்ணீர்க் கிண்ணத்தில் ஸ்பாஞ்ச். இது தரையில் வாழும் சிலந்தி. உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழியும், பெரும்பாலும் பிழைக்காது. வலையில் நகம் மாட்டிக்கொள்ளும். பல்பு உடல் ஈரத்தை உறிஞ்சிவிடும், நம் ஊர் வெயிலில் சூடேற்ற அவசியமே இல்லை. ஸ்பாஞ்ச் அழுக்கும் கிருமியும் சேர்க்கும். கால்விரிப்பைப்போல் மூன்று மடங்கு நீளமுள்ள பிளாஸ்டிக் டப்பா, பக்கவாட்டில் துளைகள், உரம் கலக்காத கோகோபீட் 10 செ.மீ. அளவுக்கு அழுத்தி நிரப்பியது, மேல்மண்ணிலிருந்து மூடிவரை கால்விரிப்பின் ஒன்றரை மடங்குக்கு மிகாத உயரம், ஒளிய ஒரு கொட்டாங்குச்சி, ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு. கர்லி ஹேருக்கு ஒரு மூலையை மட்டும் ஈரமாக வைத்தால் போதும்.

சாப்பிடாவிட்டால் தண்ணீர் தெளித்து உயிருள்ள சில்வண்டுகளைப் போடச் சொன்னாராம் விற்றவர். கொலைக்குச் சமமான யோசனை. தோலுரிக்கப் போகும் சிலந்தி வாரக்கணக்கில் சாப்பிடாது. உரித்த கையோடு உடல் மென்மையாக இருக்கும்போது சில்வண்டே அதைக் கடித்துத் தின்றுவிடும். மல்லாந்து கிடந்தால் தோலுரிக்கிறது, தொடாதீர்கள். கால்களை உடலுக்கு அடியில் சுருட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தால்தான் ஆபத்து. உரித்தபின் பல் கறுத்து இறுகும்வரை, பெரிய சிலந்திக்குப் பத்து நாளாவது, இரை வேண்டாம்.

'கையில் விடலாம்' என்பதையும் நம்பாதீர்கள். சாது என்றால் பின்வாங்கி ஒளியும் குணம், கொஞ்சலாம் என்று பொருளில்லை. பின்காலால் வயிற்று முடியை உதறும். அது கண்ணில் பட்டால் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

மேற்குத்தொடர்ச்சி மலையில் பிடித்த பொயிசிலோதெரியா என்ற மரத்தில் வாழும் டாரன்டுலா இனத்தையே 'புதியவர்களுக்கு ஏற்றது' என்று விற்பவர்களும் உண்டு. மின்னல் வேகம். கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கக்கூடும். இந்தப் பேரினம் 2019இல் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது, கர்லி ஹேரும் அந்த இணைப்பில்தான் இருக்கிறது. 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னை வந்த ஒரு பார்சலில் 107 குப்பிகளில் உயிருள்ள சிலந்திகளைச் சுங்கத்துறை பிடித்தது நினைவிருக்கலாம். சைட்டீஸ் பட்டியல் உயிரினம் வைத்திருப்பவர் 2024 விதிகளின்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். 'பேப்பர் அப்புறம் வரும்' என்று இழுப்பவருக்கு இதெல்லாம் தெரியும். ஆவணம் இல்லாமல் வாங்கியவர் புகார் கொடுக்கத் தயங்குவார் என்பதும் தெரியும். பதிவு எண்ணையும், எந்த ஜோடிக்கு எப்போது பிறந்தது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் முன்பணமும் அனுப்பாதீர்கள்.