விமான டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெற: நிறுவனமா, வங்கியா, நுகர்வோர் ஆணையமா?

பணத்தை யாரிடம் கேட்பது என்று யோசிப்பதற்கு முன், பயணத்தை ரத்து செய்தது யார் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். விமான நிறுவனமே விமானத்தை ரத்து செய்திருந்தால், ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று டிக்கெட்டில் அச்சிட்டிருந்தாலும் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா ஆகியவற்றின் விதிகளின்படி முழுத் தொகையையும் கேட்கலாம். பயணி தானே ரத்து செய்தால் அந்த நிபந்தனை உயிர் பெற்றுவிடும். அப்போதும் எல்லாம் போய்விடுவதில்லை. சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய விதி. எனவே விமானம் புறப்படாது என்ற செய்தி அடிபடும்போது அவசரப்பட்டு நாமே ரத்து செய்வதைவிட, நிறுவனத்தின் அறிவிப்பு வரும்வரை பொறுத்திருப்பது லாபம்.

அறிவிப்பு வந்ததும் செயலியில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும், பணத்துக்குப் பதில் அதே நிறுவனத்தின் அடுத்த டிக்கெட்டுக்குப் பயன்படுத்தும் வவுச்சர்தான். பளிச்சென்ற நிறத்தில் பெரிய பொத்தான், சில நேரம் கொஞ்சம் கூடுதல் மதிப்பு என்ற ஆசை வார்த்தை, பணமாகப் பெறும் வழியோ கீழே சாம்பல் நிறத்தில் ஒற்றை வரி. அதே நிறுவனத்தில் சில மாதங்களுக்குள் மீண்டும் பறப்பது உறுதி என்றால் மட்டுமே வவுச்சர் தகும் என்பது என் கருத்து. அதற்குக் காலாவதி உண்டு, நிறுவனம் திவாலானால் மதிப்பும் இல்லை. ஒருமுறை ஏற்றுக்கொண்டால் மற்ற வழிகளும் ஏறத்தாழ அடைபட்டுவிடும். விமானப் பயணிகளின் உரிமைகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, பயணி கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால்தான் வவுச்சர் தரலாம் என்கிறது. இல்லையேல் 7 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். அமெரிக்காவில் 2024இல் வந்த விதி, கிரெடிட் கார்டில் கட்டியதற்கு 7 வேலை நாட்களும் பிற வழிகளில் கட்டியதற்கு 20 நாட்களும் கெடு வைக்கிறது.

நேரடியாக வாங்கிய டிக்கெட்டுக்கும் முகவர் இணையதளத்தில் வாங்கியதற்கும் உள்ள வேறுபாடு இந்தக் கட்டத்தில்தான் உறைக்கும். ‘முகவருக்கு அனுப்பிவிட்டோம்’ என்பார் நிறுவனத்தார். ‘எங்களுக்கு இன்னும் வரவில்லை’ என்பார் முகவர். கார்டு அறிக்கையை எடுத்து, பணம் பிடித்த வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பணத்தை வாங்கியவர் அவரே. கோரிக்கையும் முதலில் அவருக்கே எழுத்தில் போக வேண்டும். ‘அனுப்பிவிட்டோம்’ என்று யார் சொன்னாலும், அனுப்பிய தேதியையும் பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணையும் கேளுங்கள். உண்மையிலேயே அனுப்பியிருந்தால் அந்த எண் இருக்கும்.

இருவரும் நழுவினால் மிஞ்சுவது, கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலமே திரும்பப் பெறும் சார்ஜ்பேக்கும் நுகர்வோர் ஆணையமும். வேகத்தில் சார்ஜ்பேக்கே முந்தும்: வங்கிக்கு ஒரு படிவம், ரத்து அறிவிப்பின் நகல், பணம் கேட்டு எழுதிய மின்னஞ்சல் ஆகியவை போதும்; வழக்குச் செலவு இல்லை. ஆனால் அது விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்பின் உள்விதிதானே தவிரச் சட்டத் தீர்ப்பு அல்ல. நிறுவனம் எதிர்வாதம் வைத்து வென்றால் வந்த பணம் திரும்பப் போகும். கெடுவும் உண்டு, சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாட்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மாதக்கணக்கில் வரும் பதில்கள் தின்பது இந்த நாட்களைத்தான். தவிர, கட்டிய தொகைக்கு மேல் ஒரு காசும் இதில் கிடைக்காது. பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேற்பட்ட டிக்கெட்டை கிரெடிட் கார்டில் நேரடியாக வாங்கியவருக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, கார்டு தந்த வங்கியிடமே பணத்தைக் கோரும் கூடுதல் பலம் தருகிறது. இடையில் முகவர் இருந்தால் அந்தப் பலம் ஆட்டம் கண்டுவிடலாம்.

இழப்பீடும் வேண்டுமென்றால் ஆணையமோ நீதிமன்றமோதான். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலே, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். டிக்கெட்டுக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை. அலைச்சலையும் மன உளைச்சலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் இடம் இது. நாள் ஆகும் என்பதே குறை. ஐரோப்பிய விதியிலோ இழப்பீடு தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது. புயல் போன்ற அசாதாரணக் காரணங்களைக் காட்டி நிறுவனம் இந்த இழப்பீட்டை மறுக்கலாம். டிக்கெட் பணத்தை மறுக்க முடியாது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கேட்டால், ஒன்றுக்கான மறுப்பையே இரண்டுக்கும் பதிலாக அனுப்பிவிடுவார்கள். கடிதத்தில் இரண்டையும் தனித்தனிக் கோரிக்கைகளாக எண்ணிட்டு எழுதுங்கள்.

விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்புக்கு அனுப்பும் புகார் நிறுவனத்தை அசைக்கும், அவ்வளவே. நமக்காக இழப்பீடு கேட்டு, வெற்றி பெற்றால் பங்கு எடுத்துக்கொள்ளும் இடைத்தரகு நிறுவனங்கள், நாமே ஒரு படிவத்தில் கேட்கக்கூடியதைக் கேட்கத்தான் அந்தப் பங்கை வாங்குகின்றன; மறுத்த விமான நிறுவனத்தின் மீது வெளிநாட்டில் வழக்கு நடத்த வேண்டியிருந்தால் மட்டும் அவற்றை நாடலாம்.