சேவ் இறக்குமதியா, எல்லா முடிவுகளும் உண்மையா?

வீடியோ கேம் தொடர் ஒன்றின் முதல் பாகத்தில் ஆட்டக்காரர் எடுத்த முடிவை அடுத்த பாகம் எப்படி மதிப்பது? மாஸ் எஃபெக்ட் தொடர் ஒரு வழி, எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடர் இன்னொரு வழி.

மாஸ் எஃபெக்ட் 2 (2010), முதல் பாகத்தை முடித்தபோது சேமித்த சேவ் கோப்பையே இறக்குமதி செய்து, நம் முடிவுகளைப் படித்துக்கொள்ளும். கோப்பு இல்லையென்றால் நாயகனின் கூட்டாளி ரெக்ஸ் செத்துவிட்டான், விண்மீன் மண்டலத்தை ஆண்ட பழைய கவுன்சிலும் அழிந்துவிட்டது என்று தானே வைத்துக்கொள்ளும். புதிதாக வருபவருக்குக் கொஞ்சம் கொடூரமான வரவேற்புதான்! சிக்கல் செலவில் இருக்கிறது. சாகக்கூடிய ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மாற்றாள் எழுதி, குரல் பதிவும் செய்ய வேண்டும். ரெக்ஸ் இல்லாத இடத்தில் அவன் சகோதரன் ரீவ் வந்து நிற்பது அப்படித்தான். அதனால் கதைக் கிளைகள் மெல்ல ஒன்றாகிவிடுகின்றன. பூச்சி போன்ற வேற்றுக்கிரக இனமான ராக்னியின் ராணியை முதல் பாகத்தில் கொன்றிருந்தாலும் மூன்றாம் பாகத்தில் செயற்கை ராணி ஒன்று வந்து, அதே பணி அப்படியே நடக்கும். அதே நிறுவனத்தின் இன்னொரு தொடரான டிராகன் ஏஜின் தி வெயில்கார்டு (2024) பாகத்தில் முந்தைய ஆட்டத்தின் மூன்றே தேர்வுகள் மிஞ்சின.

எல்டர் ஸ்க்ரோல்ஸின் இரண்டாம் பாகமான டாகர்ஃபால் (1996) ஆட்டத்தில் டோட்டம் என்ற மந்திரப் பொருளை யாரிடம் கொடுக்கிறோமோ அதற்கேற்ப முடிவு மாறும். எது அதிகாரபூர்வம்? எல்லாமே. காலம் உடைந்து எல்லா முடிவுகளும் ஒரே சமயத்தில் நடந்தன என்று பின்வந்த பாகங்கள் சொல்லிவிட்டன: ஓர்க்குகளின் நாடான ஆர்சினியம் எழுந்தது, மந்திரவாதி மானிமார்கோ கடவுளானான், சாகாமல் அலைந்த அண்டர்கிங் ஓய்வடைந்தான். கோப்பு வேண்டாம், மாற்றாளும் வேண்டாம். ஆனால் ஒருமுறைதான் செல்லும் தந்திரம் இது. காலம் உடையக்கூடிய உலகமாகவும் இருக்க வேண்டும். அதே தொடரின் ஸ்கைரிம் (2011) அதை நாடவில்லை, கதையை முந்தைய பாகத்திலிருந்து 200 ஆண்டுகள் தள்ளி வைத்தது.

அதே நாயகன் தொடர்ந்தால் இறக்குமதி. நாயகன் மாறினால் இரண்டாவது வழியே மலிவு.